பிளாஸ்டிக் பையில் வரும் உரிமைகள்: ஆவணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தின் ஓரமாகச் சனிக்கிழமை காலைகளில் ஒரு மடக்கு மேசை போட்டு நாங்கள் நாலு பேர் உட்காருவோம். நான் கோலாலம்பூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 31 வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். வருகிறவர்களில் பாதிப் பேர் பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம் கொண்டுவருவார்கள். மீதிப் பேர் வெறுங்கையோடு வருவார்கள். இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்குக்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய காகிதத்துக்கும் மனித உரிமைக்கும் என்ன சம்பந்தம்?

உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதை வாங்கப் போகும் கவுண்டரில் கேட்பது ஒரே கேள்வி: "டோக்குமென் அடா?" ஆவணம் இருக்கிறதா என்று.

1948இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஐம்பத்தெட்டு வயதில் வங்கிக் கணக்குக்கூடத் திறக்க முடியாமல் என் மேசைக்கு வந்த ஒரு அண்ணனுக்கு அந்த 15ஆவது பிரிவு ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் அவருக்கு உதவியது, ஒரு தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் அப்பாவின் பெயரோடு இருந்த ஒரு வரி. யாரோ ஒரு தலைமையாசிரியர் அந்தப் பதிவேட்டைக் கறையானுக்குக் கொடுக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். அவ்வளவுதான் சம்பந்தம்.

பதிவேடு, ஆவணம், காப்பகம் எல்லாம் ஒன்றுதானா?

தினசரி வேலைக்காக எழுதுவது பதிவேடு. வேலை முடிந்த பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அது ஆவணம். வைத்திருக்கும் இடம் காப்பகம். இதற்கு மேல் இந்த வித்தியாசத்தை நீட்ட வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நம்மைக் காப்பாற்றும் காகிதம் பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டதாக இருக்காது. விடிகாலை பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், கிராணி என்ற தோட்டக் குமாஸ்தா செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் போட்டது சம்பளக் கணக்குக்காக. கிளினிக்கில் நர்ஸ் அட்டையில் எழுதியது அடுத்த ஊசி எப்போது என்று தெரிவதற்காக. அந்த வரிகள் நாற்பது வருடம் கழித்து ஒருவர் இந்த மண்ணில்தான் பிறந்தார் என்பதற்குச் சாட்சியாகும் என்று அவர்கள் நினைத்தே இருக்க மாட்டார்கள்.

"அக்கா, எங்கள் பாட்டி இங்கேதான் பிறந்தார். சாகும்வரை சிவப்பு ஐ.சி.தான். எப்படி?"

இந்தக் கேள்வி வராத சனிக்கிழமை குறைவு. சிவப்பு ஐ.சி. என்பது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் அடையாள அட்டை.

பாட்டி மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 ஆகஸ்ட் 31 சுதந்திரத்துக்கு, முன் பிறந்தவர் என்றால், இங்கே பிறந்ததால் மட்டும் அவர் தானாகக் குடிமகள் ஆகிவிடவில்லை. அவரைப் போன்ற பலர் மனுப் போட வேண்டியிருந்தது. 1957 அரசியலமைப்பு, முதல் ஒரு வருடத்துக்கு மலாய் மொழிச் சோதனை இல்லாமல் மனுப் போட வழி விட்டது. பட்டணத்தில் பேப்பர் படிக்கிறவர்கள் போட்டார்கள். தோட்டத்தில் யார் சொல்வது? சொன்னாலும், ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு யார் போவது? போகவில்லை.

1957 ஆகஸ்ட் 31க்கும் 1962 அக்டோபருக்கும் இடையில் மலாயாவில் பிறந்தவர்கள் பொதுவாகப் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கூடுதல் நிபந்தனை வந்தது: பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். ஆக, 1957இல் பாட்டி போடாத ஒரு மனு, அவர் நிரந்தரவாசி என்பதையும் காகிதத்தில் காட்ட முடியாவிட்டால், 1965இல் பிறந்த அம்மாவின் காகிதத்தில் வந்து உட்காரும். அம்மாவின் குறை அடுத்து உங்கள் காகிதத்துக்கு வரும். சொத்து இல்லாத வீட்டிலும் இது மட்டும் வாரிசுக்குப் போகிறது.

1969க்குப் பிறகு இன்னொரு அடி விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று கெடுபிடியானபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் பிறந்த ஊரை விட்டுத் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். பால் மரத்தைத் தவிர வேறு ஊரைப் பார்க்காதவர்கள், 'ரஜுலா' கப்பலில் 'திரும்பி' போனார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் போனார்கள். அந்த வயதில் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. என்னோடு படித்த ஒருத்தி சிலேட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"கோயிலில் ஊரறியத் தாலி கட்டினோம். பிள்ளைக்கு ஏன் சிவப்பு சூராட் பெரானா?"

சூராட் பெரானா என்றால் பிறப்புப் பத்திரம். குடியுரிமை இல்லாத பிள்ளைக்குத்தான் சிவப்பில் வரும். ஏனென்றால் கல்யாணம் பதிவாகவில்லை, அல்லது பிள்ளை பிறந்த பிறகுதான் பதிவானது.

1976ஆம் வருடத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிய வேண்டும். ஐயர் வந்ததும் ஆயிரம் பேர் சாப்பிட்டதும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்துத்தான் முடிவாகும். அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரர் அல்லது காகிதமே இல்லாதவர் என்றால், இங்கே பிறந்து இங்கே வளரும் பிள்ளை வெளியாள் ஆகிவிடும். பிறகு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ், வயது வரம்பு தாண்டுவதற்குள், உள்துறை அமைச்சுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பிள்ளை எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சையே முடித்துவிடும்.

மண்டபம் புக் பண்ணும் அன்றைக்கே பதிவுக்கும் தேதி வாங்கிவிடுங்கள். மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. இதை நான் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி, இப்போது சில சொந்தக்காரர்கள் என்னைக் கூப்பிடுவதே இல்லை.

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அம்மா மலேசியராக இருந்தும் குடியுரிமை தானாகக் கிடைக்காத குறை நீண்ட காலம் இருந்தது. அதைச் சரிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. அதே திருத்தம் நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இங்கே பிறப்பால் கிடைத்து வந்ததை எடுத்துவிடுகிறது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் எடுத்த கதை. சிவப்பு ஐ.சி. வீட்டாருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பிறப்பே பதியவில்லை. எதைக் கொண்டு நிரூபிப்பது?

இப்போது பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு. அதற்குத் தேசியப் பதிவிலாகா சாட்சியும் துணை ஆவணமும் கேட்கும்.

ஒரே ஒரு பெரிய காகிதத்தைத் தேடி அலையாதீர்கள். சின்னக் காகிதங்கள் நாலு ஒன்றையொன்று தாங்கி நின்றால் அதற்கு வலு அதிகம். முதலில் அம்மா கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த அட்டை. அது போய்விட்டது என்றால் பிரசவ வார்டின் பதிவேடு. வீட்டிலேயே பிறந்த பிள்ளை என்றால், பிரசவம் பார்த்த அம்மா உயிரோடு இருக்கும்போதே சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த தைப்பூசம் வரட்டும் என்று தள்ளிப்போட்டு, அந்த அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைச் சொன்னேன். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவு, தேதியும் பெற்றோர் பெயரும் சேர்ந்து இருப்பதால், மிக நல்ல சாட்சி. இந்துக் கோயில்கள் இதில் பின்தங்கிவிட்டன. நம் கோயில்களில் உபயதாரர் பெயரைப் பளிங்கில் வெட்டுவார்கள், பெயர் சூட்டிய பிள்ளையின் பெயரை நோட்டில்கூட எழுத மாட்டார்கள்.

பெற்றோர் பக்கமும் தேடுங்கள். இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது. அப்பா எந்தத் தோட்டத்தில், எந்த வருடங்களில் வேலை செய்தார் என்பதற்கு அதன் சந்தாக் கணக்கு சாட்சி சொல்லும். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பழைய உறுப்பினர் அட்டை இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

பெயர் விஷயத்தில் எச்சரிக்கை. ஒரே ஆள் ஒரு காகிதத்தில் முனியாண்டி, இன்னொன்றில் முனியண்டி, மூன்றாவதில் மணியாண்டியாக இருப்பார். அன்றைய கிராணியின் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படி. மூவரும் ஒருவரே என்று ஒரு சத்தியப் பிரமாணம் முன்கூட்டியே எடுத்து வைத்தால் பல நடை மிச்சம்.

தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. தோட்ட ஆபீஸ் காகிதங்கள் எங்கே போயிருக்கும்?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் எரித்திருப்பார்கள். தோட்டம் கைமாறும்போது நிலப் பட்டாவும் கணக்குப் புத்தகமும் புதிய கம்பெனிக்குப் போகும். செக்ரோல், லயத்து வீட்டுப் பட்டியல், ஆஸ்பத்திரிப் புத்தகம் இதையெல்லாம் சுமந்துகொண்டு போக யாருக்கும் மனம் வராது.

சில பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளின் காகிதங்கள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனியின் ஆவணங்கள் 'தி லண்டன் ஆர்கைவ்ஸ்' காப்பகத்தில் உள்ளன, பழைய பெயர் லண்டன் மெட்ரோபொலிட்டன் ஆவணக் காப்பகம். ஆனால் அங்கே நிற்பது கம்பெனியின் கதை: பங்கு, லாபம், எத்தனை ஏக்கர், எத்தனை ராத்தல் ரப்பர். பால் வெட்டிய கையின் பெயர் அங்கே கிடைக்கும் என்று நம்பி விமான டிக்கெட் வாங்க வேண்டாம்.

அரசாங்கத்தின் பழைய காகிதங்கள் கொஞ்சம் மேல். ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில், பழைய பெயர் ஜாலான் டூத்தா, தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. எல்லாரும் ஆர்கிப் நெகாரா என்றுதான் சொல்கிறோம். 1957 டிசம்பரில் பொதுப் பதிவேட்டு அலுவலகமாகத் தொடங்கியது. சிலாங்கூர்ச் செயலகத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோப்புகள்கூட அங்கே படிக்கக் கிடைக்கும். கூலி ஆட்களைப் பற்றிய புகார், ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, ஓடிப்போனவர்களைப் பிடித்த விவரம் எல்லாம் ஆங்கிலக் கையெழுத்தில் இருக்கும். 2003ஆம் வருடத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி, எந்த அரசு அலுவலகமும் காப்பகத்தின் அனுமதி இல்லாமல் பொதுப் பதிவேட்டை அழிக்கக் கூடாது. தனியார் தோட்டத்தின் செக்ரோலை அந்தச் சட்டம் தொடாது. நமக்கு வேண்டிய காகிதம் எப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

சயாம் மரண ரயிலில் இறந்த தமிழர்களின் பட்டியல் எங்கே கிடைக்கும்? தாத்தாவின் பெயரைத் தேடுகிறேன்.

இல்லை, தம்பி. அப்படி ஒரு முழுப் பட்டியல் இல்லை.

1942–43இல் ஜப்பான்காரன் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். போர்க்கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்களும், மலாயா, பர்மா, ஜாவா ஆகிய இடங்களிலிருந்து கொண்டுபோன கூலி ஆட்களும் அங்கே செத்தார்கள். எண்ணிக்கையில் கூலி ஆட்களே மிக அதிகம். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெரும் பங்கு. காலராவும் பசியும் அடியும் இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாகத்தான் இருந்தன.

தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரிக்குப் போனால், போர் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். எப்படி முடிந்தது? அந்தப் படைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் இருந்தது. முகாமில் அவர்களுடைய அதிகாரிகள் யார் எப்போது இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ரகசியமாக எழுதி, சிலர் அந்தக் காகிதத்தைப் பிணத்தோடு சேர்த்தே புதைத்தார்கள். போர் முடிந்ததும் 1945இல் ஒரு தேடும் குழு காட்டுக்குள் போய் அதையெல்லாம் தோண்டி எடுத்தது.

நம் ஆட்களுக்கு எண் இல்லை. எழுத அதிகாரி இல்லை. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றியவர்களுக்குத் தலைக்கணக்குப் போதுமாக இருந்தது. ஆகவே எத்தனை தமிழர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள்தான் உண்டு, ஒன்றுக்கொன்று பல ஆயிரம் வித்தியாசத்தில். ஒரே மண்ணில், ஒரே காலராவில் செத்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு, மற்றவருக்கு எண்ணிக்கையில்கூட நிச்சயம் இல்லை. ஆவணம் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் வேறு உதாரணம் தேடுவதில்லை.

உங்கள் தாத்தாவுக்குச் செய்யக்கூடியது இது: வீட்டில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் யார் இருந்தாலும், அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம், கூடப் போனவர் யார், திரும்பி வந்தவர் யார். திரும்பி வந்தவரின் பெயர்தான் முக்கியம். அவர் வீட்டில் இன்னொரு பேரன் இதே கேள்வியோடு இருப்பான்.

பத்தாங்காலி வழக்கு தோற்றுப்போனதே. காகிதம் இருந்து என்ன பலன்?

1948 டிசம்பரில், சிலாங்கூரில் பத்தாங்காலி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதம் இல்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்பது அரசாங்கத்தின் கதை. 1970இல் அந்தப் படைப்பிரிவைச் சேர்ந்த சிலர் அப்படி நடக்கவில்லை என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். லண்டனில் போலீஸ் விசாரணை தொடங்கி, ஆட்சி மாறியதும் அதே வருடம் நின்றது. குடும்பங்கள் விடவில்லை. 2015இல் பிரிட்டனின் உச்சநீதிமன்றம், இப்போது பொது விசாரணை நடத்த அரசுக்குக் கட்டாயம் இல்லை என்று தீர்ப்பளித்தது.

தோற்றதுதான். ஆனால் அந்த வழக்கு போன வழியெல்லாம் 1970 விசாரணையின் வாக்குமூலங்கள் நீதிமன்றப் பதிவில் ஏறின. பழைய 'தப்பி ஓடினார்கள்' கதையை இன்று யாரும் கூச்சமில்லாமல் சொல்ல முடியாது. அந்தக் குடும்பங்கள் கேட்டதில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி கிடைக்கவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை.

இதன் பக்கத்திலேயே இன்னொரு கதை. மெர்டேக்கா சமயத்தில், 1957இல், கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரி நிறையக் காகிதங்களைச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய் அங்கே உலையில் எரித்தார்கள். எரிக்காத சிலவற்றைக் கப்பலில் இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார்கள். இப்படி 37 பழைய காலனிகளிலிருந்து போன ஏறக்குறைய 8,800 கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பூட்டிக் கிடந்தன. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மௌ மௌ கிளர்ச்சியின்போது கென்யாவில் அடைக்கப்பட்டவர்கள் லண்டனில் போட்ட வழக்கு நடந்தபோதுதான், 2011இல், அப்படி ஒரு குவியல் இருப்பதை வெளியுறவு அமைச்சு ஒத்துக்கொண்டது. 2013இல் 5,228 கென்யர்களுக்கு ஏறக்குறைய 2 கோடி பவுண்டு கொடுக்க பிரிட்டன் சம்மதித்தது. வயதான கிழவர்களின் வாய்ச்சொல்லை அரசாங்கத்தின் சொந்தக் கோப்பே ஆமாம் என்றது. அந்தக் கோப்புகள் இப்போது லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில். மலாயாக் கோப்புகளும் அதில் உண்டு.

வீட்டுப் பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எந்தக் காகிதம் முக்கியம்?

முதலில் வக்கீல். தேசிய சட்ட உதவி அறவாரியம் இலவசமாக உதவும். பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். நேரம், இடம், வந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஸ்டேஷன், யாரிடம் பேசினீர்கள் என்று அந்த நிமிடமே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதற்கும், அன்றைய மையில் எழுதிய நோட்டைக் காட்டுவதற்கும் நீதிமன்றத்தில் நிறைய வித்தியாசம்.

அரசியலமைப்பின் 5ஆவது பிரிவுப்படி, பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆகவே நேரம் எழுதியிருப்பது அலங்காரம் இல்லை. நீங்களே புகார் கொடுத்திருந்தால் போலீஸ் ரிப்போர்ட்டின் நகலை வாங்குங்கள், விசாரணை அதிகாரியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் ஆகியும் பதில் இல்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவைச் சொல்லி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரிவின்கீழ் வரும் குற்றம் என்றால் இரண்டு வாரத்தில் பதில் தர வேண்டும். எழுத்தில் கேட்டாலே கவுண்டரில் குரல் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

காவலில் மரணம் நடந்தால், அதே சட்டத்தின் 334ஆவது பிரிவுப்படி மரண விசாரணை நடந்தாக வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் சந்தேகம் இருந்தால், உடலை எரிப்பதற்கு முன்னால் இரண்டாவது பரிசோதனை கேளுங்கள். 2009இல் சுபாங் ஜெயாவில் காவலில் இறந்த ஒரு தமிழ் இளைஞரின் விஷயத்தில், முதல் அறிக்கை நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது. குடும்பம் போராடி நடத்திய இரண்டாவது பரிசோதனை, உடம்பெங்கும் இருந்த காயங்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியது. 2013இல் உயர்நீதிமன்றம் போலீஸ் தரப்பைப் பொறுப்பாக்கியது. சடங்கை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அந்த வீட்டார் அன்றைக்கு எடுத்த முடிவு எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள்.

அரசாங்கத்தின் சொந்தப் பதிவேடு அரசாங்கத்துக்கு எதிராக நிற்குமா?

நின்றிருக்கிறது. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்ற நாட்டில், 2005இல் ஒரு பழைய போலீஸ் வளாகத்தில் எலிப்புழுக்கைக்கும் வௌவாலுக்கும் நடுவே ஏறக்குறைய 8 கோடிப் பக்கங்கள் கிடைத்தன. உள்நாட்டுப் போரில் காணாமல் போனவர்களைப் பற்றி அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்று அதுவரை சாதித்தவர்கள் எழுதியவை. அதை வைத்து, 1984இல் காணாமல் போன ஒரு மாணவர் தலைவரின் வழக்கில் 2010இல் இரண்டு பழைய போலீஸ்காரர்களுக்குத் தலா 40 வருடச் சிறை கிடைத்தது. கொடுமை செய்கிறவனும் மேலதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் எழுதுவான்.

பதிவேடே ஆபத்தாக மாறாதா?

மாறும். இதை ஆவணக்காரர்கள் சத்தமாகச் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம்.

நம் ஐ.சி.யே கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அறிவித்த 1948 அவசரகாலத்தில் வந்ததுதான், ஆட்களைக் கட்டுப்படுத்த. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் பால்வெட்டுக்காரர்களின் ஐ.சி.யைப் பிடுங்கிக் கிழிப்பார்கள். அது இல்லாமல் ரோட்டில் போனால் படை பிடிக்கும். இரண்டு பக்கமும் அடி. ருவாண்டாவில் அடையாள அட்டையில் இனம் எழுதியிருந்தது. 1994இல் சாலைத் தடுப்பில் அட்டையைப் பார்த்துக் கொன்றார்கள். 1943 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒரு சிறு கூட்டம் மக்கள்தொகைப் பதிவேட்டு அலுவலகத்துக்கே தீ வைத்தது, ஜெர்மன்காரன் அந்த அட்டைகளைக் கொண்டு யூதர்களைத் தேடினான் என்பதால். பதிவேட்டை எரித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் யார் எழுதுகிறார், எதற்கு, யார் பார்க்கலாம், தவறு இருந்தால் யார் திருத்துவது என்பதைக் கேட்காமல் பதிவேடு நல்லது என்று மட்டும் சொல்ல முடியாது. நம் 2010ஆம் வருடத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடைக்காரனைக் கட்டுப்படுத்தும், மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசாங்கக் கோப்பைக் காட்டு என்று நான் கேட்க முடியுமா?

எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பினாங்கும் சிலாங்கூரும் தகவல் பெறும் உரிமைக்கு மாநிலச் சட்டம் கொண்டுவந்தன. மாநில அரசின் கீழ் உள்ள அலுவலகங்களுக்குத்தான் அவை செல்லும். சிலாங்கூரில் உள்ள பத்துமலையில் இருப்பவர் தன் நகராட்சியிடம் கேட்கலாம். நாலு ஸ்டேஷன் தள்ளிச் செந்தூலில் இருக்கும் நான், மத்திய அரசின் கீழ் நேரடியாக வரும் கூட்டரசுப் பிரதேசத்துக்காரி, அந்தச் சட்டம் எனக்கு இல்லை.

மறுபக்கம் 1972ஆம் வருட அரசு ரகசியச் சட்டம். ஒரு கோப்பில் 'ரகசியம்' முத்திரை விழுந்தால், முத்திரை சரியா என்று நீதிமன்றத்தில் கேட்கவும் 1986 திருத்தம் வழி விடவில்லை.

போனில் எடுத்த வீடியோ போதாதா?

போதும், கெடுக்காமல் இருந்தால். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த காப்பி சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்து வரும். மூல ஃபைல் எடுத்த போனிலேயே இருக்கட்டும். வெட்டாதீர்கள், பாட்டுப் போடாதீர்கள், வட்டம் போட்டுக் காட்டாதீர்கள். ஒரு நகலை வேறு இடத்தில் வையுங்கள். யார் எடுத்தது என்று எழுதி வையுங்கள். நீதிமன்றத்தில் 1950ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

"அக்கா, பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் லேமினேட் பண்ணிவிட்டேன்."

ஐயோ. பண்ணியது பண்ணியதாக இருக்கட்டும், உரிக்க முயலாதீர்கள். இனிமேல் பண்ணாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது, முத்திரையின் மேடு பள்ளம் தெரியாமல் போகும், மூலமா நகலா என்ற சந்தேகம் கவுண்டரில் வரும்.

தெளிவான பிளாஸ்டிக் உறை போதும். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி எல்லாம் கழற்றுங்கள், நம் ஊர் ஈரத்தில் ஆறே மாதத்தில் துரு. சமையலறை அலமாரி வேண்டாம், தரையோடு இருக்கும் கடைசி டிராயரும் வேண்டாம், வெள்ளம் முதலில் அங்கேதான் வரும். பிஸ்கட் டின் பரவாயில்லை, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டால். கவுண்டரில் கொடுக்கும் வழவழ ரசீதை அன்றைக்கே போட்டோஸ்டாட் எடுங்கள். இரண்டு வருடத்தில் அது வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். நான் சொல்வது கேட்டு அல்ல, பட்டு அறிந்தது: ஒரு அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீதைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன், அதில் ஒரு எழுத்தும் இல்லை.

அப்பாவின் பெட்டியில் கடிதம், போட்டோ, சங்க நோட்டீஸ் எல்லாம் கிடக்கிறது. தூக்கிப் போடலாமா?

முதலில் எங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம், பார்த்துச் சொல்வோம். தோட்டக் கமிட்டி, பள்ளி வாரியம், சங்கம் இவற்றின் கூட்டக் குறிப்பேடு இருந்தால் அதைக் குடும்பச் சொத்தாக நினைக்காதீர்கள். ஆர்கிப் நெகாரா தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது, பேசிப் பாருங்கள். போட்டோக்களின் பின்னால் பெயர், இடம், வருடம் எழுதுங்கள். பென்சிலில், அழுத்தாமல். பேனா மை முகத்துக்கு ஊறி வந்துவிடும்.

மேசை எப்போது இருக்கும்?

சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து 12 மணிவரை. மூலக் காகிதத்தையும் இரண்டு நகலையும் கொண்டுவாருங்கள், எங்களிடம் மெஷின் இல்லை. முகூர்த்த நாளில் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு விட்டுவிடுவார்கள். அன்றைக்கு வெளியே செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்போம்.